கீல் வைத்த பட்டன்

ஆம்பூர் பஜாரில் ஒரு பொருளை ‘நல்ல பொருள்’ என்று ஒருத்தர் வாயால் சொல்ல வைப்பது கஷ்டம். முனீர் அகமது வாயால் சொல்ல வைப்பது அதைவிடக் கஷ்டம். ஷூ கம்பெனிகளுக்கு பக்கிள், ஐலெட், ரிவெட் என்று சின்னச் சின்ன உலோகச் சாமான் சப்ளை செய்கிறவர் அவர். யார் எதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாலும் முதலில் அதன் குறையைத்தான் தேடுவார். குறை கிடைத்ததும் முகம் மலர்ந்துவிடும். குறை கிடைத்தால் விலை இறங்கும். விலை இறங்கினால் அந்தப் பொருள் அவருக்குப் பிடித்துப்போகும். எதையும் அவர் விரும்ப ஆரம்பிக்கிற வழியே அதுதான்.

அப்படிப்பட்டவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அஃப்ஷாவுக்கு வயது இருபத்தெட்டு ஆகிவிட்டது. வந்த வரன்களில் ஒருத்தன் ஜாஸ்தி பேசினான், ஒருத்தன் பேசவே இல்லை. ஒருத்தனுடைய அண்ணன் முகம் சரியில்லை. சென்னையிலிருந்து வந்த இன்னொருத்தனின் ஷூ ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தது. “காலைச் சமமா வெக்கத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி வெப்பான்?” என்று மனைவி கௌசரிடம் கேட்டார். கௌசர் பதில் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பதில் சொல்லாமலேயே ஜெயித்துக்கொண்டிருக்கிறவள் அவள்.

கடைசியில் அஃப்ஷாவே ஒரு பெயரைக் கொண்டுவந்தாள். ஒவைஸ். பேரணாம்பட்டுப் பையன். அஃப்ஷா வேலை செய்யும் அதே ஷூ கம்பெனியில், அவள் கம்ப்யூட்டரில் ஷூவுக்கு பேட்டர்ன் போட்டால், அவன் அந்த ஷூவுக்கான பக்கிளையும் பட்டனையும் வரைகிறவன். தகப்பன் இல்லை. அம்மா மட்டும்.

“இவர்னா சரி அப்பா. இல்லன்னா என்னை விட்டுடுங்க. நான் இப்படியே இருந்துக்கறேன்” என்றாள் அஃப்ஷா. குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. சாமான் வாங்கி விற்றே வளர்ந்தவருக்கு, சும்மா சொல்கிற விலை எது, கடைசி விலை எது என்று காதில் விழுந்த உடனே தெரியும். இது கடைசி விலை. இதற்குக் கீழே ஒரு பைசா இறங்காது. இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனால் மகளும் கைவிட்டுப் போனமாதிரிதான் என்று முனீர் அகமதுவுக்குப் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்கு அப்புறம் ஒவைஸும் அவன் அம்மா மஹ்பூபியும் வீட்டுக்கு வந்தார்கள். பையன் வாசலிலேயே சலாம் சொல்லி, முனீர் அகமதுவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொதிந்துகொண்டான். பெரியவர்களுக்குக் கை கொடுக்கிற முறை அதுதான். கை கொடுக்கும்போதே ஆளைப் படித்துவிடுவேன் என்று முனீர் அகமது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர். அன்றைக்கும் படிக்கத்தான் போனார். ஆனால் கண் கொஞ்சம் மேலே நழுவிவிட்டது. பையனின் வெள்ளைச் சட்டையில், மணிக்கட்டு மடிப்பில், அவர் இதுவரை பார்க்காத ஒரு பட்டன் இருந்தது.

உட்கார்ந்து டீ வந்தபிறகும் பார்வை அங்கேயேதான் நின்றது. தாய்மார்கள் இருவரும் சொந்தக்காரர்களை ஒவ்வொருத்தராக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இவரால் பொறுக்க முடியவில்லை.

“தம்பி, கையில போட்டிருக்கியே, அது எந்த ஊர் சரக்கு?”

“நம்ம ஊர்தான் மாமூ. நான் வரைஞ்சது. கம்பெனி டூல் ரூம்ல சாம்பிள் போட்டாங்க.”

“ஆர்டர் வந்துச்சா?”

“வரல. வெளிநாட்டு பையர் வாங்கிப் பாத்தாரு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு, இது எதுக்குன்னு கேட்டுட்டு வெச்சிட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

ஒவைஸ் ஒரு நொடி அஃப்ஷா நின்றிருந்த கதவுப் பக்கம் பார்த்தான். “பட்டன் போட்டுக்கத்தான்னு சொன்னேன்” என்றான்.

முனீர் அகமது சிரித்தார். பையனுக்கு வாயும் இருக்கிறது. பட்டனைக் கழற்றிக் காட்டச் சொன்னார். காலரில் இருந்த ஒன்றை ஒவைஸ் ஒரே கையால் பட்டென்று கழற்றி, அவர் கையில் கொடுக்காமல், காலியான டீ சாசரில் வைத்து அவர் பக்கம் தள்ளினான். “நீங்களே வெச்சுக்குங்க மாமூ. எங்கிட்ட இன்னும் இருக்கு.”

சாதாரணச் சட்டைப் பட்டனுக்குத் தலை மட்டும்தான். இதற்குத் தலைக்குக் கீழே ஒரு தண்டு, தண்டுக்கும் தலைக்கும் நடுவில் கதவுக்கு இருப்பதுபோல் ஒரு குட்டிக் கீல். தலை தண்டோடு நேராக நின்றால் சீரகம்போல ஒல்லியாகிவிடும். காஜா ஓட்டையில் சுலபமாக நுழையும். நுழைந்தபிறகு தலை குறுக்கே சாய்ந்தால் பூட்டியமாதிரி. ஒருமுறை ஒரு பக்கம் மாட்டிவிட்டால் சட்டையிலேயே இருக்கும். ஜோடிப் பட்டனைத் தேடி வீட்டைக் கவிழ்க்க வேண்டாம். முனீர் அகமது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டிய நேரமெல்லாம் அதிலேயே போய்விட்டது.

அவர்கள் கிளம்பியபிறகு கௌசர் சொன்னாள்: “பையன் தட்டுல வெச்ச எதையும் தொடல.”

“கூச்சம். பேச்சு முடியறதுக்கு முன்னாடி கை நனைக்கக் கூடாதுன்னு நினைச்சிருப்பான்” என்றார் முனீர் அகமது. “குறை சொல்ல எதுவும் இல்ல. வர்ற மாசம் நிக்காஹ் வெச்சுடலாம்.”

கௌசர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் பட்டன் சட்டைப் பையில் இருந்தது. முனீர் அகமது கோதண்டராமனின் பட்டறையில் இருந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் வரும் அந்தப் பட்டறையில்தான் இவருடைய பக்கிளுக்கெல்லாம் அச்சு தயாராகும். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து தோஸ்த். ஒருவர் விலையை இன்னொருவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

கோதண்டராமன் பட்டனை வாங்கியதும் காதோரம் கொண்டுபோய் ஆட்டினார். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம் அது. பக்கிள் முள்ளு காதில் கிணுகிணுத்தால் அந்த லாட் முழுக்க ரிஜெக்ட். இந்த ஊரில் குழந்தை பிறந்தாலும் ஒருமுறை காதோரம் ஆட்டிப் பார்ப்பார்கள் என்று முனீர் அகமது சொல்வதுண்டு.

“இன்னா பாய், தலை இப்படி ஆடுது?”

“அதான் நானும் பாத்தேன்.”

“தண்டைப் பாரு. இவ்ளோ நீளம் எதுக்கு? சட்டைக்குப் போடறானா, எருமைத் தோலுக்குப் போடறானா? தலையும் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. யார் போட்டது?”

“நம்ம மாப்பிள்ளை.”

கோதண்டராமன் உடனே பட்டனை மரியாதையாக இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “ஐடியா நல்ல ஐடியா” என்றார். “ஃபினிஷிங்தான் கம்மி.”

ஐடியா நல்ல ஐடியா என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. ஃபினிஷிங்கைத் தாங்கள் கொடுக்கலாம் என்பதிலும் சந்தேகமில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு ஜோடா அனுப்புவது வழக்கம்: ஷெர்வானி, உள்ளே போட நீளக் கை குர்தா, ஷூ, கைக்கடிகாரம். அதோடு இந்தப் பட்டனையும் வெள்ளியில் செய்து அனுப்பினால்? மாப்பிள்ளை வரைந்ததை மாமனார் முடித்துக் கொடுத்தமாதிரி. பார்க்கிறவர்கள் ரெண்டு தலைமுறைக்குப் பேசுவார்கள். முனீர் அகமதுவின் மனசில் அன்பும் பெருமையும் எப்போதும் ஒரே பொட்டலத்தில்தான் வரும். பிரித்துப் பார்க்க அவரும் முயன்றதில்லை.

வெள்ளியில் புதிதாகச் செய்யும்போது தண்டைக் குறைத்தார்கள். தலையின் கனத்தை இரண்டு பக்கமும் சமமாக்கினார்கள். கீலுக்குள் மயிர் கனத்தில் ஒரு ஸ்பிரிங் வைத்தார்கள். இப்போது தலை ஆடவில்லை. விரலால் அழுத்தித் திருப்பினால் ‘டிக்’ என்று கச்சிதமாக நின்றது. கோதண்டராமன் காதோரம் ஆட்டினார், முனீர் அகமது காதோரம் ஆட்டினார். கப்சிப். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஊதா வெல்வெட் பெட்டியில் வைத்து, அளவு பார்க்கட்டும் என்று ஜோடாவை முன்னாடியே பேரணாம்பட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அஃப்ஷா கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வருகிறவளே இல்லை. ஊதாப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“இதை யார் மாத்தச் சொன்னது அப்பா?”

“யார் சொல்லணும்? குறை இருந்துச்சு, எடுத்தேன்.”

“என்ன குறை?”

“தலை லூஸு. தண்டு நீளம். கனம் ஒரு பக்கமா இருந்துச்சு. ஏன், அவனுக்குப் பிடிக்கலையாமா?”

“பிடிச்சிருக்காம். அழகா இருக்காம். போட்டுக்கத்தான் முடியல.” அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “அவருக்கு வலது கையில விரல் மடங்காது அப்பா. நாலு வருஷம் முன்னாடி மாதனூர்கிட்ட பைக்ல போறப்போ லாரிக்காரன் தட்டிட்டான். வேலூர்ல ஆபரேஷன் பண்ணிக் கையைக் காப்பாத்திட்டாங்க. நரம்பு மட்டும் திரும்ப வரல. கை தூக்க முடியும். எதையும் பிடிக்க முடியாது.”

தெருவில் ஒரு மினி லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே முனீர் அகமது அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். இரண்டு கைகளாலும் பொதிந்து கொடுத்த சலாம். சாசரில் வைத்துத் தள்ளிய பட்டன். இடது கையால் ஒரு பெரியவருக்குக் கொடுக்கக் கூடாதே என்று சாசரில் வைத்திருக்கிறான். தொடாத இனிப்புத் தட்டு. எல்லாம் கண்ணெதிரில் நடந்திருக்கிறது.

“மறைச்சிட்டாங்க” என்றார்.

“அவங்க மறைக்கல. முதல் நாளே உங்ககிட்ட சொல்லிடறேன்னுதான் சொன்னார். நான்தான் வேணாம்னேன்.”

“ஏன்?”

“நீங்க பேரம் பேசுவீங்க.”

“நான் என் பொண்ணு கல்யாணத்துல…”

“அவங்க தர்ற மஹரை ஏத்திக் கேட்டிருப்பீங்க. மண்டபச் செலவை அவங்க தலையில வெச்சிருப்பீங்க. கடைசியில சரின்னுதான் சொல்லியிருப்பீங்க, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா டேமேஜ் சரக்கைக் கம்மி விலைக்கு எடுத்த மாதிரி எடுத்திருப்பீங்க. ஆயுசுக்கும் அவர் நம்ம வீட்டுக்கு அந்த விலையிலயே வந்துபோயிருப்பார்.”

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மூளையின் ஒரு மூலை, அவரைக் கேட்காமலேயே, மஹரை எவ்வளவு ஏற்றிக் கேட்டிருக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. அது அவருக்கே தெரிந்தது.

“வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க” என்றாள் அஃப்ஷா. “அவர் கையைக் காரணம் சொல்லாதீங்க. உங்ககிட்ட மறைச்சது நான். என்னைச் சொல்லுங்க.” பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

முனீர் அகமது ஷட்டரைப் பாதி இறக்கினார். கடையில் யாரும் இல்லை. மேஜை டிராயரில் ஒவைஸ் கொடுத்த பழைய பட்டன் இருந்தது. தன் முழுக்கைச் சட்டையின் இடது கஃப்பில் இருந்த பட்டனைக் கத்தரியால் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ஓட்டை போட்டார். நல்ல சட்டை, போன ரம்ஜானுக்குத் தைத்தது. வலது கையை முஷ்டியாக்கி, பிரிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டார். முதலில் தான் திருத்திய வெள்ளிப் பட்டன்.

தண்டு உள்ளே போனது. தலை நேராக நிற்கவேண்டும். அதற்கு ஸ்பிரிங்கை ஒரு விரல் அழுத்த வேண்டும். முஷ்டியால் அழுத்தினால் பட்டன் வழுக்கியது. பல்லால் கடித்துப் பார்த்தார். பற்கள் அந்த வேலைக்குத் தயாராக இல்லை. முட்டியில் வைத்துத் தேய்த்தார், மேஜை ஓரத்தில் தேய்த்தார். குட்டைத் தண்டில் தலை திரும்ப இடமே இல்லை. நெற்றியில் வியர்த்தது. தன்னுடைய சொந்தக் கஃப் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் திறந்தே கிடந்தது.

பிறகு பழையது. கையைத் தொங்கப்போட்டு மணிக்கட்டைக் கவிழ்த்ததும் தலை தன் கனத்தாலேயே தொங்கி, தண்டோடு நேராக நின்றது. மேஜை விளிம்பில் கஃப்பை ஒரு இழுப்பு இழுத்தார். ஓட்டை தானாக வந்து தலையை விழுங்கியது. மணிக்கட்டை நிமிர்த்தினார். கனமான பக்கம் கீழே வர, தலை குறுக்கே விழுந்தது. ‘கிணுக்’. பூட்டிவிட்டது. எந்த விரலும் எதையும் செய்யவில்லை.

அவர் அதைக் கழற்றி மறுபடி போட்டார். மறுபடியும். தலை லூஸாக இருந்தது, தானே விழுவதற்கு. தண்டு நீளமாக இருந்தது, விழுகிறபோது துணி இடிக்காமல் இருப்பதற்கு. கனம் ஒரு பக்கமாக இருந்தது, எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று அதற்குத் தெரிவதற்கு. தானும் கோதண்டமும் கண்டுபிடித்த மூன்று குறையும் போனால் பட்டனில் மிச்சம் வெள்ளிதான். குறை என்றால் விலையைக் குறைக்கிற இடம் என்றுதான் அவர் இத்தனை நாள் தெரிந்துவைத்திருந்தார். ஒருத்தன் தன் கையில் வந்து சேர்ந்த குறையை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன தேவை என்று அதனிடமே கேட்டுக் கேட்டு ஒரு பொருளைச் செய்திருக்கிறான். இப்படி ஒரு பொருளுக்கு எங்கிருந்து விலை பேச ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பட்டறைக்குப் போனார். விஷயத்தைச் சொன்னார். கோதண்டராமன் சாணைக்கல்லை நிறுத்தினார்.

“சரி, இன்னா பண்ணணும்?”

“கெடுக்கணும். ஸ்பிரிங்கை எடு. பழையபடி லூஸாக்கு.”

“பாய், என் பட்டறையில இருந்து லூஸா ஒரு சாமான் வெளிய போனது கிடையாது.”

“இப்ப போகட்டும்.”

“எவ்ளோ லூஸு? அதைச் சொல்லு. கொஞ்சம் லூஸா, தொளதொளன்னா? அளவு இருக்குல்ல?”

முனீர் அகமதுவுக்குத் தெரியவில்லை. பழைய பட்டனை வைத்து அப்படியே அச்செடுக்கலாம். ஆனால் வெள்ளியின் கனம் வேறு, தலையின் அளவு வேறு. அந்த அளவு தெரிந்த ஆள் ஒருத்தன்தான். ஃபோனை எடுத்து, என்ன சொல்வது என்று யோசிக்காமலேயே, “தம்பி, நாளைக்கு கோதண்டம் பட்டறைக்கு வர்றியா? பட்டனைச் சரிபண்ணணும்” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து “வர்றேன் மாமூ” என்று வந்தது.

ஒவைஸ் மறுநாள் கம்பெனி முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். இந்தத் தடவை வலது கையை எதிலும் மறைக்கவில்லை. விரல்கள் எல்லாம் லேசாக விரிந்தபடி, யாரிடமோ எதையோ வாங்கக் காத்திருப்பதுபோல் நின்றன. முனீர் அகமது அந்தக் கையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கோதண்டராமனுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது.

“வலி இருக்குதாப்பா?”

“குளிர் காலத்துல கொஞ்சம் இருக்கும் சார்.”

“நம்ம ஊர்ல அது கம்மிதான். தப்பிச்ச.”

ஒவைஸ் சிரித்துவிட்டான். பட்டறை மேஜையில் உட்கார்ந்தான். ஸ்பிரிங் எடுத்த முதல் பட்டனை கஃப்பில் மாட்டி, விளிம்பில் இழுத்துப் பார்த்தான். “இன்னும் லூஸா வேணும்.” கோதண்டராமன் கீலைத் தேய்த்தார். “இன்னும்.” தேய்த்தார். “இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல தேச்சா கழண்டு தட்டுல விழும்.”

“விழாது சார். கீல் பின்னோட தலையை மட்டும் அகலமாக்கிடுங்க. உள்ள ஆடும், வெளிய வராது.”

கோதண்டராமன் முனீர் அகமதுவைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். எனக்குத் தோணாம போச்சே என்பதற்கு அவர் முகத்தில் அவ்வளவுதான் வரும். தண்டைப் புதிதாக நீளமாகப் போட்டார்கள். இருட்டுவதற்குள் காலருக்கு ஒன்று, கஃப்புக்கு இரண்டு, மூன்றும் முடிந்தன. ஒவைஸ் ஒவ்வொன்றையும் விழவைத்துப் பார்த்தான். இப்போது மூன்று பேரும் அந்தக் ‘கிணுக்’ வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்கள்.

வெளியே டீக்கடையில் நிற்கும்போது ஒவைஸ்தான் பேச்சை ஆரம்பித்தான்.

“முதல் நாளே சொல்லியிருக்கணும் மாமூ. அஃப்ஷா வேணாம்னாங்க. ஆனா அவங்க மேல போடறது நியாயம் இல்ல. வாய் என்னுதுதானே.”

“ம்.”

“இப்ப உங்களுக்கு வேணாம்னு தோணினா…”

“பட்டனைப் பண்ணி முடிச்சாச்சு. இனிமே என்ன வேணாம்?” என்றார் முனீர் அகமது. சொன்னபிறகுதான், தான் சம்மதம் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

ஒவைஸ் டீயை ஒரு வாய் குடித்தான். “நிக்காஹ் முடிஞ்சதும் காஜி கையெழுத்து கேப்பாரு. இடது கையாலதான் போடுவேன். மண்டபமே பாக்கும். அதுக்கு முன்னாடி பஜார்ல நாலு பேர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா முனீர் பாயையே ஏமாத்திட்டாங்கன்னு பேசுவாங்க. ஊர் பேச்சு எனக்குப் பழகிடுச்சு, என்னைப் பாத்துப் பேசட்டும். உங்களைப் பேசக் கூடாது.”

“பாக்கலாம்” என்றார் முனீர் அகமது.

அந்த வாரம் முழுக்க அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்காமல் இல்லை. எதிர்க்கடை நவீத் அழைப்பிதழ் வாங்க வந்தபோதுகூட, “இன்னா முனீர் பாய், மாப்பிள்ளைகிட்ட ஒரு குறையும் கிடைக்கலையா? உடம்பு சரியில்லையா உனக்கு?” என்று அவனே பேச்சுக்கு வாசலைத் திறந்துவிட்டான். அதே பக்கிள் வியாபாரம், இருபது வருஷப் போட்டி. அவன் கேட்டால் ஊர் கேட்டமாதிரி. ஆனால் எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அது பாதி வழியில் விலைப் பேச்சாக மாறியது. ‘கை கொஞ்சம் அப்படித்தான், ஆனா பையன் தங்கம்’ என்று ஒன்று வந்தது. குறையுள்ள பக்கிளை யார் தலையிலாவது தள்ளிவிடும்போது தான் உபயோகிக்கிற அதே ‘ஆனா’. ‘நம்ம பொண்ணுக்குப் பிடிச்சிருக்கு, போகட்டும்னு விட்டுட்டேன்’ என்று இன்னொன்று. அது அதைவிட மோசம். சும்மா இருந்துவிட்டார்.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின். பைபாஸ் ஓரத்து மண்டபம் நிறைந்திருந்தது. தோல் மண்டிக்காரர்கள், கம்பெனி மேனேஜர்கள், வாணியம்பாடிச் சொந்தங்கள். முன்வரிசையில் ஒரு ஓரம் கோதண்டராமன், புது வேட்டியில். ஒவைஸ் கிரீம் நிற ஷெர்வானியில் மேடையில் உட்கார்ந்திருந்தான். காஜி கேட்டார், அவன் தெளிவான குரலில் ஏற்றுக்கொண்டான். துஆ முடிந்தது. காஜி கல்யாணம் பதிகிற பெரிய தஃப்தரைத் திறந்து அவன் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினார்.

வலது கை மடியிலேயே இருந்தது. இடது கை பேனாவை வாங்கியது. முன்வரிசையில் பேச்சு நின்றது. அந்த அமைதி பின்னால் நகர்ந்து போவது காதுக்குத் தெரிந்தது. ஒவைஸ் அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். காகிதத்தைப் பிடித்துக்கொள்ள வலது கையின் முதுகைத் தூக்கி அதன்மேல் வைத்தான். இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியிலிருந்து நவீத் சாய்ந்தான். “பாய், பையன் லெஃப்ட் ஹேண்டா?”

“இல்ல. விபத்து. வலது கையில விரல் மடங்காது.”

நவீத் மேடையைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். குரல் இன்னும் தணிந்தது. “தெரிஞ்சுதான் குடுத்தியா?”

இந்தக் கேள்விக்கு ஒரு அருமையான பதில் முனீர் அகமதுவிடம் தயாராக இருந்தது. ‘தெரியும். முதல் நாள் கை குடுக்கும்போதே கண்டுபிடிச்சேன்.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். பஜார் நம்பிவிடும், அவர் கண்ணைப் பற்றி பஜார் எதையும் நம்பும். ஒரே வாக்கியத்தில் கெட்டிக்காரர் என்ற பேரும் நிற்கும், பெரிய மனசுக்காரர் என்ற பேரும் சேரும். தெரிஞ்சே எடுத்திருக்கார்பா என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒவைஸ் ஒவ்வொரு தடவையும் இந்தத் தெருவில் நடக்கும்போது, முனீர் பாய் தெரிந்தே எடுத்த பையன் நடந்து போகிறான் என்று பார்ப்பார்கள். ஆயுசுக்கும் அந்த விலையில்.

“எனக்குத் தெரியாது நவீத்” என்றார் முனீர் அகமது. “நான் பாக்கல. என் பொண்ணு பாத்தா. பாத்துதான் எடுத்தா.”

“உனக்குத் தெரியாமலா? உனக்கா?”

“எனக்குத்தான். தெரிஞ்சிருந்தா பேரம் பேசியிருப்பேன்.”

நவீத் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான், விளையாடுகிறாரா என்று. விளையாடவில்லை என்று தெரிந்ததும் அவனுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பின்வரிசைக்குத் திரும்பினான். “கேட்டியா, முனீர் பாய்க்கே தெரியாதாம்” என்பது காதில் விழுந்தது. அங்கிருந்து அது அடுத்த வரிசைக்குப் போனது. அடுத்த வருஷம் வரைக்கும் டீக்கடையில் ஓடும். முனீர் அகமதுவுக்குக் காது மடல் சூடானது. மேடையில் ஒவைஸ் கையெழுத்தை முடித்துப் பேனாவை வைத்தான். திரை மறைப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் யாரோ நிக்காஹ் சர்க்கரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காஜி தலையைத் தூக்கி, “பெண்ணோட தகப்பனார் வாங்க” என்று கூப்பிட்டார். முனீர் அகமது எழுந்து மேடைக்குப் போனார். பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, எங்கே போடணும் என்று கேட்டார். ஒவைஸ் இடத்தைக் காட்டினான்.